கேள்வி கேட்காத கணினி

சந்தியோகு அன்று காலையிலேயே களைத்துப்போயிருந்தார். வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் களைப்பு. இருபத்தொன்பது வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லொறிகளையும் சுற்றிப் பார்த்து, இது தானாக நடந்ததா, யாரும் நடத்தியதா என்று எழுதிக் கொடுத்த மனிதர். ஓய்வு பெற்றால் ஓய்வு கிடைக்கும் என்று நம்பினார். கிடைக்கவில்லை. ஊரில் எது பிழையாகப் போனாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

முழங்கால் சரியில்லாதபடியால் மகாதேவியின் ஸ்கூட்டியில் பின்னால் இருந்துதான் போக்குவரத்து. மகாதேவி அதே கம்பனியில் தட்டெழுத்து வேலை பார்த்தவள். நாற்பத்தாறு வயது. வேலையை விட்டுவிட்டு அவருக்கு உதவிக்கு வந்தவள், வாயை மட்டும் விடவில்லை. பள்ளம் வரும் இடமெல்லாம் அவர் முனகுவார். அவள் அதை எண்ணிக்கொண்டு வருவாள். மருதனார்மடம் சந்திக்கு வந்து சேர்ந்தபோது கணக்குப் பதினாலு.

சனிக்கிழமை, காலை பத்தரை. சந்தைக்குப் பின்பக்கம் இருக்கும் கலியாண மண்டபத்தின் வாசலில் அவர்களை வரச் சொன்ன பெண் நின்றாள். பெயர் மதுரா, இருபத்தெட்டு வயது. அழுது முடித்து, முகம் கழுவி, அதற்குப் பிறகும் இரண்டு நாள் நித்திரை கொள்ளாத முகம். ஆடி மாதம் கலியாணம் இல்லாதபடியால் மண்டபம் இவர்களுக்குக் கிடைத்திருந்தது. உள்ளே இருநூறு கதிரை போட்டிருந்தார்கள். மணவறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கணினியும் பெரிய திரையும். மேலே துணியில் "சோளகம் 7" என்று எழுதித் தொங்கியது.

சோளகம் என்றால் இங்கே இந்த மாதங்களில் அடிக்கிற காற்று. இவர்கள் அந்தப் பெயரை ஓர் இயங்குதளத்துக்கு வைத்திருந்தார்கள். கணினியைத் திறந்தவுடன் அதை நடத்துகிற அடிப்படை மென்பொருள். யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, இலவசம். யாரும் எடுத்துப் பாவிக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பதினொரு வருடமாக ஒரு சதமும் வாங்காமல் மூன்று பேர் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். செந்தூரன் தொடக்கியவர். மதுராவும் டிலக்ஷனும் பிறகு சேர்ந்தவர்கள். அடுத்த மாதம் வெளிவரப்போகும் ஏழாவது பதிப்பை அன்று பிற்பகல் மூன்று மணிக்குச் சனங்களுக்குக் காட்டப்போகிறார்கள்.

பிரச்சினை என்னவென்று மதுரா ஒரு மூச்சில் சொன்னாள். சோளகத்தை ஒரு கணினியில் ஏற்றும்போது, உள்ளே இருக்கும் பழையவற்றை அழிக்கட்டுமா என்று அது ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்வியை எழுதியவளே அவள்தான். புதன்கிழமை யாரோ அதை எடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை, பௌதிகம் படிப்பிக்கும் அடைக்கலநாதன் வாத்தியார் பரிசோதனைக்கு ஏற்றிப் பார்த்தார். அது ஒன்றும் கேட்காமல் அவருடைய கணினியைத் துடைத்து வைத்தது. பன்னிரண்டு வருடமாக அவர் தட்டெழுதிச் சேர்த்த பௌதிகக் கேள்விகள் எல்லாம் போயின. அன்றிரவே மதுரா கேள்வியைத் திரும்பப் போட்டுவிட்டாள். ஆனால், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று தானாக எழுதிவைக்கும் பதிவேட்டில், புதன் பகல் 12.20க்கு நேரே அவளுடைய பெயர் இருந்தது.

"மூண்டு மணிக்கு மேடையிலை செந்தூரன் அண்ணை என்ரை பேரைச் சொல்லப்போறார், சேர். பிறகு செய்தவையின்ரை பேர்ப் பட்டியலிலை இருந்து வெட்டுவினம். ஆறு வருசம். எங்களுக்குச் சம்பளம் இல்லை. அந்தப் பேர்தான் சம்பளம்."

சந்தியோகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை மணித்தியாலம்.

செந்தூரன் மரியாதையாகத்தான் கதைத்தான். சண்டிலிப்பாய் ஆள், முப்பத்தெட்டு வயது, கண்ணுக்குக் கீழே இரண்டு கரு வளையம். பதிவேட்டைத் திரையில் காட்டினான். மாற்றம் நடந்தது இவர்களுடைய அறையில் இருக்கும் பொதுக் கணினியில். சந்தியில் ஓர் இரும்புக்கடைக்கு மேலே அந்த அறை. கதவுத் திறப்பு ஆளுக்கொன்றாக மூன்று பேரிடமும் இருக்கிறது. கணினி கிழடு. திறந்தால் எழும்பக் கால் மணித்தியாலம் எடுக்கும். அதனால் யாரும் அதை மூடுவதில்லை. செவ்வாய் பின்னேரம் மதுரா வேலை செய்துவிட்டுத் தன் பெயரிலேயே திறந்தபடி விட்டுப் போயிருந்தாள். அப்படி விடுவதுதான் இவர்களுடைய வழக்கம்.

அப்படியென்றால் புதன்கிழமை அந்தக் கதிரையில் யார் இருந்தாலும் மதுராவின் பெயர்தானே விழும் என்று சந்தியோகு கேட்டார். அது சரிதான், ஆனால் மற்ற இரண்டு பேரும் அன்று அங்கே இல்லை என்றான் செந்தூரன். புதன்கிழமை ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து, கீரிமலையில் தீர்த்தமாடி, எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாள். அவன் வழக்கம்போல் கீரிமலைக்குப் போயிருந்தான். டிலக்ஷன் காய்ச்சலென்று வீட்டில் படுத்திருந்தான். மதுராவுக்குத் தகப்பன் இருக்கிறார், விரதமில்லை. பகல் முழுக்க வீட்டில் தனியே இருந்ததாகச் சொல்கிறாள். கண்டவர் யாருமில்லை.

இதற்கிடையில் மேடையில் டிலக்ஷன் பிற்பகலுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தேழு வயது, மெலிந்த பையன், யாருடைய கண்ணையும் பார்க்காமல் கதைத்தான். ஒரு பென் டிரைவைச் செருகினான். திரையில் நீலக்கோடு ஒன்று ஓடியது. நாலு நிமிடத்தில் சோளகம் ஏறி உட்கார்ந்து, தமிழில் வணக்கம் சொன்னது.

"எங்கடை மச்சாள் வீட்டிலைகூட தேத்தண்ணிக்குச் சீனி போடவோ எண்டு ஒருக்கால் கேப்பினம்," என்றாள் மகாதேவி. "உது ஒண்டும் கேக்காமல் ஏறி இருந்திட்டுது."

சந்தியோகு சிரிக்கவில்லை. அவருடைய யோசனை டிலக்ஷனின் காய்ச்சலில் இருந்தது. காய்ச்சல் என்று சொல்பவர்களை அவர் இருபத்தொன்பது வருடமாகப் பார்த்திருக்கிறார்.

மயிலிட்டிக்கு ஸ்கூட்டியில் அரை மணித்தியாலம், இருபத்திமூன்று முனகல். கடலில் இருந்து இரண்டாவது ஒழுங்கையில் டிலக்ஷனின் வீடு. தாய் குணலட்சுமி வாசலில் வலைத்துண்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. மகன் வேலை செய்கிற இடத்திலிருந்து வருகிறோம், காய்ச்சல் சுகமா என்று மகாதேவி நல்ல பிள்ளை மாதிரிக் கேட்டாள்.

என்ன காய்ச்சல் என்று திருப்பிக் கேட்டாள் குணலட்சுமி. அவன் ஒரு நாளும் படுக்கவில்லையாம். புதன்கிழமையும் விடியக்காலமை ஆறு மணிக்கே வேலைக்கென்று வெளிக்கிட்டுப் போனானாம்.

மகாதேவி சந்தியோகுவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பொருள், பிடித்துவிட்டோம், வாருங்கள் போவோம். சந்தியோகு அசையவில்லை. முழங்காலோடு எழும்பச் சோம்பல் என்பதும் ஒரு காரணம். அந்த அம்மா சொல்லி முடிக்கவில்லை என்பது மற்றது.

சாப்பாடு கட்டிக் கொடுத்ததைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல விளைமீன், புளி விட்டுக் குழம்பு வைத்து, சோற்றோடு பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். பின்னேரம் பெட்டி மூடி திறக்காமல் திரும்பி வந்தது. வயிற்றுப் பிரட்டு என்றானாம். போன வருடமும் அப்படித்தானாம்.

"அமாவாசையண்டு மீனோ, அக்கா?" மகாதேவிக்கு வாய் பொறுக்கவில்லை. விரத வீடுகளில் மீன்சட்டியைக் கண்ணில் காட்டவும் மாட்டார்கள்.

குணலட்சுமி வலையைக் கீழே வைத்தாள்.

"நான் ஒவ்வொரு வருசமும் அண்டைக்கு மீன்தான் காய்ச்சுறனான். இவன்ரை தேப்பனைப் பதினேழு வருசமாத் தேடுறன். காணேல்லை, அவ்வளவுதான். செத்தவர் எண்டு ஆரும் எனக்குச் சொல்லேல்லை. இருக்கிற மனிசனுக்கு ஆர் விரதம் பிடிக்கிறது?"

மகாதேவி குனிந்து வலையின் மறுதலைப்பை எடுத்துப் பிடித்துக்கொடுத்தாள். 

திரும்பும் வழியில் கீரிமலைக்குத் திரும்புகிற சந்தியில் சந்தியோகு ஸ்கூட்டியை நிறுத்தச் சொன்னார். மகாதேவி தன் முடிவைச் சொன்னாள். டிலக்ஷன் தாய்க்கு ஒரு பொய், கூட்டாளிகளுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறான். இரண்டுக்கும் நடுவில் போய் அந்த அறையில் இருந்திருக்கிறான். வழக்கு முடிந்தது, ஒரு மணிக்குள் சாப்பிடலாம்.

"நீர் சைவம், நான் வேதம், மாதா கோயில் ஆள்," என்றார் சந்தியோகு. "எனக்குத் தெரியாததைக் கேக்கிறன். அண்டைக்கு மீன் சாப்பிடாதவன் ஆர்?"

"விரதகாரன், சேர்." சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது. ஸ்கூட்டியை அவள் உடனே எடுக்கவில்லை.

டிலக்ஷனை மண்டபத்தின் பின்பக்கத்தில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். அப்போது ஒன்றரை மணி. சந்தியோகு மிரட்டவில்லை. சாப்பாட்டுப் பெட்டி திறக்காமல் வந்த கதையை மட்டும் சொன்னார். பையன் நிலத்தில் குந்திவிட்டான்.

இரண்டு வருடமாக அவன் கீரிமலைக்குப் போகிறான். தகப்பனுக்கு எள்ளுத் தண்ணீர் இறைத்தால் அவர் போய்விட்டார் என்று ஒத்துக்கொள்வதாகும். தாய் அதைத் தாங்கமாட்டாள். இறைக்காமல் விட்டால் அவனுக்கு நித்திரை வராது. ஆகவே தாய்க்கு வேலை என்றும், வேலையில் காய்ச்சல் என்றும் சொல்லிவிட்டுப் போகிறான்.

போனதற்குச் சாட்சி உண்டா என்று மகாதேவி கேட்டாள். குரலில் பழைய துடுக்கு இல்லை. சாட்சி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலையாக இருந்தது என்றான் டிலக்ஷன். செந்தூரன் அண்ணை இவன் வீட்டுக்கு வந்து போகிறவர். கீரிமலையில் கண்டால் தாயிடம் ஒரு சொல் தவறி விழும்.

"அவருக்கு ஒளிச்சுத்தான் காலமை முழுக்க மடத்துச் சுவரோடை நிண்டனான். அவரின்ரை ஐயரைத் தெரியும், ஒவ்வொரு வருசமும் கேணிக்குப் பக்கத்திலை அதே இடத்திலை இருக்கிறவர். அவர் எழும்பிப் போனாப்பிறகு நான் இறைப்பம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்." அவன் கொஞ்சம் நிறுத்தினான். "ஐயர் ஒண்டரை வரைக்கும் தர்ப்பையை எடுத்து வைச்சுக்கொண்டு இருந்தவர், சேர். அண்ணை வரவே இல்லை."

சந்தையில் யாரோ வாழைக்குலை ஏலம் கூறுகிற சத்தம் கேட்டது. சந்தியோகு சுவரில் சாய்ந்தார். எவரும் சரிபார்க்க நினைக்காத ஒரே ஆள் செந்தூரன்தான். சந்தியோகுவும் நினைக்கவில்லை. வருடா வருடம் போகிறவன் இந்த வருடமும் போயிருப்பான். இப்படி நம்பித்தான் கம்பனி எத்தனையோ எரிந்த கடைகளுக்குக் காசு கொடுத்தது.

இதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று டிலக்ஷன் கையைப் பிடித்தான். சொன்னால் தாய்க்குப் போகும். சந்தியோகு தலையாட்டினார். பிறகு மகாதேவி அவரிடம், உள்ள ஒரே சாட்சியையும் வாயைக் கட்டி அனுப்பிவிட்டு மேடையில் எதைக் காட்டப்போகிறீர்கள் என்று கேட்டாள். அந்தத் தாய்க்கு உண்மையில் தெரியாதா என்றும் கேட்டாள்.

"முன்பின் தெரியாத ரெண்டு பேரிட்டை, கேக்காமலே சாப்பாட்டுப் பெட்டியின்ரை கதையைச் சொன்னவ," என்றார் சந்தியோகு. "தெரியாமலோ?"

முதல் கேள்வியோடு சுவரை விட்டு நிமிர்ந்தார். மண்டபத்துக்குள் போய் ஒரு கதிரையில் இருந்து முழங்காலைத் தடவினார். மேடையில் மறுபடி ஒத்திகை. நீலக்கோடு ஓடியது. நாலு நிமிடம். வணக்கம்.

தடவிய கை நின்றது.

"மகாதேவி, காலமை தேத்தண்ணிக்குச் சீனி எண்டு என்னவோ சொன்னனீர்."

"அது மச்சாளைப் பற்றி, சேர்."

அதே கதைதான் என்றார் அவர். மதுரா வியாழக்கிழமை இரவு கேள்வியைத் திரும்பப் போட்டுவிட்டாள். அப்படியென்றால் இந்தப் பென் டிரைவில் இருந்து ஏறுகிற சோளகம் ஏன் இன்னும் கேட்காமல் ஏறுகிறது? மதுராவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அவள் இரண்டு நிமிடம் திரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். இது மேடைக்கென்று தனியாகச் செய்த பிரதி. கேள்விகளை எல்லாம் எடுத்துவிட்டு, பார்க்கிறவர்களுக்கு அலுக்காமல் கெதியில் ஏறுகிற மாதிரிச் சுருக்கியது. காட்டப்போகும் கணினி வெறும் கணினி, அழிக்க ஒன்றுமில்லை, அதனால் பிழையில்லை. செய்த நேரம் புதன்கிழமை பகல் 12.14. டிலக்ஷனிடம் இதைக் கொடுத்தது செந்தூரன் அண்ணை.

பதிவேட்டில் மதுராவின் பெயர் விழுந்தது 12.20. ஆறு நிமிடம் பிந்தி.

செந்தூரன் மணமகள் அறையில் இருந்தான். கலியாணப் பெண்கள் சோடிக்கிற பெரிய கண்ணாடிக்கு முன்னால், சுற்றிவர மின்குமிழ் எரிய, பேசப்போவதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு ஐம்பது. சந்தியோகு பென் டிரைவைச் சீப்புக்குப் பக்கத்தில் வைத்து, இதை எப்போது செய்தீர் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை இரவு என்றான். உள்ளே நேரம் எழுதியிருக்கிறது என்றார் அவர்.

செந்தூரன் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான், பிறகு பார்க்காமல் விட்டான்.

"கீரிமலையிலை ஆரையும் விசாரிச்சனீங்களோ, சேர்?"

"விசாரிச்சனான். ஆர் எண்டு சொல்லமாட்டன்."

செந்தூரன் பென் டிரைவை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். பிறகு அவன் சொன்னதை நான் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன்.

"சனிக்கிழமைக்குக் காட்ட ஒண்டும் ஒழுங்கில்லை. ஒரு மணித்தியாலம் இருந்து முடிச்சிட்டுக் கீரிமலைக்குப் போவம் எண்டு விடியப்பறம் அறைக்கு வந்தனான். பச்சைத் தண்ணி பல்லிலை படேல்லை. முதல்நாள் நித்திரையும் இல்லை. ரெண்டு பிரதியும் பக்கத்திலை பக்கத்திலை திறந்து கிடந்தது. மேடைப் பிரதியிலை கேள்வியை எடுத்த மாதிரியே மற்றதிலையும் எடுத்திட்டன். எனக்கே தெரியாது. நிமிர்ந்து பாக்க ரெண்டு மணி. அப்பாவுக்கு ஒரு சொட்டுத் தண்ணி இறைக்கேல்லை. கீரிமலைக்குப் போனனான் எண்டு அம்மாவுக்குச் சொன்னன். வியாழக்கிழமை வாத்தியார் போன் எடுத்துக் கதைக்கேக்கைதான் விளங்கினது. பதிவேட்டிலை அவளின்ரை பேர் கிடந்தது. ஒரு மூச்சு விட்டிட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தன். அந்த மூச்சு ரெண்டு நாளாப் போச்சு."

இந்த நிகழ்ச்சியைத் தாய் சண்டிலிப்பாயில் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பா என்றும், புதன்கிழமை அறையில் இருந்தேன் என்று மேடையில் சொன்னால் அவவுக்கும் விளங்கிவிடும் என்றும் சொன்னான். களைத்துப்போனேன் என்றான். அதை மன்னிப்பாகக் கேட்கவில்லை, மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னான்.

சந்தியோகுவுக்கு அந்தக் களைப்பு தெரியும். எழும்பும்போது கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"மூண்டு மணிக்கு நீர் ஒரு பேர் சொல்லவேணும். எந்தப் பேர் எண்டு நான் மேடைக்கு வந்து சொல்லித்தரமாட்டன்."

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அடைக்கலநாதன் வாத்தியார் கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு இருந்தார். மதுரா சுவரோரம், கதவுக்குக் கிட்ட நின்றாள். பெயர் விழுந்ததும் வெளியே போவதற்கு அந்த இடம் வசதி.

செந்தூரன் ஒலிவாங்கியை எடுத்தான். வணக்கம் சொல்லவில்லை.

"வாத்தியாரின்ரை கணினியை அழிச்ச மாற்றம் மதுராவின்ரை பேரிலை இருக்குது," என்றான். மதுரா தலையைக் குனிந்தாள். "அதைச் செய்தது நான். புதன்கிழமை மத்தியானம், இந்த நிகழ்ச்சிக்கு ஆயத்தம் செய்யேக்கை. அவள் அங்கை இல்லை. ரெண்டு நாளா எனக்கு இது தெரியும்."

 சுவரில் இருந்த கமராவைப் பார்த்து, அம்மாவுக்குப் பின்னேரம் வந்து சொல்கிறேன் என்றான். அதைச் சனங்கள் விளங்கிக்கொள்ளவில்லை. மூன்றாவது வரிசையோரம் நின்ற டிலக்ஷனுக்கு விளங்கியது. அவன் செந்தூரனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு செந்தூரன் பென் டிரைவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, உண்மையான பிரதியை மதுராவே ஏற்றிக் காட்டட்டும் என்று கணினிக்கு முன்னால் இருந்து விலகினான். அவள் மேடைக்கு வர நேரம் எடுத்தது.  நீலக்கோடு கொஞ்சத் தூரம் ஓடி நின்றது. பெரிய திரையில் அவளுடைய கேள்வி வந்தது: "இதில் இருப்பவற்றை அழிக்கட்டுமா?" கீழே இரண்டு பெட்டி. அவள் சுட்டியில் கையை வைத்துக்கொண்டு, முன்வரிசையைப் பார்த்தாள்.

"வேண்டாம் எண்டு போடு, பிள்ளை," என்றார் வாத்தியார்.

போட்டாள். அப்படிப் போட்டால் நாலு நிமிடத்தில் முடியாது, பதினொரு நிமிடம் எடுக்கும். இருநூறு பேரும் சும்மா இருந்து பார்த்தார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் சந்தியோகு கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார்.

முடிந்தபோது, செய்தவர்களுடைய பெயர்கள் திரையில் கீழிருந்து மேலே போயின. மகாதேவி அவருடைய முழங்கையில் தட்டினாள். மதுராவின் பெயர் இரண்டாவதாக இருக்கிறது, எழும்பிப் பாருங்கள் என்றாள்.

"இருக்கட்டும்," என்றார் கண்ணைத் திறக்காமல். "வாசிச்சுச் சொல்லும்."

வாசித்தாள்.